சுஷிமாவின் ஆவிகளும் செட்டிநாட்டு வளவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விடுமுறையில், காரைக்குடிக்கு அருகே உள்ள ஓர் ஊருக்கு நாங்கள் மூவர் சென்றிருந்தோம். நண்பரின் பூர்வீக வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்ற செட்டிநாட்டுப் பெருவீடு. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பது. பங்காளிகள் கூடும் நாட்களில் மட்டும் மூச்சு விடுவது. அன்றிரவு வளவை ஒட்டிய அறையில் தொலைக்காட்சியின் முன் நண்பரின் தம்பி, கல்லூரி மாணவன், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் நால்வர் செந்நிற மூடுபனிக்குள் ஓடிக்கொண்டிருந்தனர். ஒருவன் இவன். மற்றவர்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற, இதே வீட்டில் பங்குள்ள பிள்ளைகள். "விழுந்துட்டேன், வந்து எழுப்பு" என்ற குரல் அடிக்கடி கேட்டது. யாராவது ஒருவர் ஓடிப்போய் எழுப்பினார்கள்.

நண்பரின் அப்பத்தா, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தவர், கதவோரம் நின்று சற்று நேரம் பார்த்தார். "இதென்ன தேசம்?" என்றார். ஜப்பான் என்றான் பையன். "இதிலே ஜப்பான்காரன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டார். "நல்லவன்தான் அப்பத்தா. வெளியிலேருந்து படையெடுத்து வந்தவங்களோட சண்டை போடறான்." அப்பத்தா "அப்படியா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அந்த "அப்படியா" எங்களை ஊருக்குத் திரும்பிய பின்னும் விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து சென்றபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

*

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி. இலக்கிய வாசகர்களில் பலர் வீடியோ கேம் என்றதும் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம், நாங்களும் சுளித்தவர்களே. "கோஸ்ட் ஆஃப் சுஷிமா" என்ற அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ஜப்பானியர் அல்லர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் சக்கர் பஞ்ச் என்ற நிறுவனம் அதைச் செய்தது. சோனி நிறுவனம் 2020 ஜூலை 17 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியிட்டது. 1274இல் மங்கோலியர் சுஷிமாத் தீவில் இறங்கியதைப் பின்னணியாகக் கொண்டு, ஜின் சகாய் என்ற கற்பனை வீரனின் கதையை அது சொல்கிறது. ஒருவர் தனியாக ஆடுவது.

அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, ஆட்டத்தை வாங்கியவர்களுக்கு இலவச இணைப்பாக "லெஜண்ட்ஸ்" என்ற பகுதி வந்தது. இதில் வரலாறு பின்னுக்குப் போய்விடுகிறது. கியோசென் என்ற கதைசொல்லி ஒருவன் கதைகளைச் சொல்கிறான். ஆடுபவர்கள் அக்கதைகளுக்குள் இறங்குகிறார்கள். எதிரே வருபவர்களில் ஓனிகள் என்கிற கொம்பு முளைத்த அரக்கர்களும் சபிக்கப்பட்ட ஆவிகளும் உண்டு. கதைகளை இருவர் சேர்ந்து ஆடலாம். அலை அலையாக வரும் பகைவரிடமிருந்து மூன்று இடங்களைக் காக்கும் வகையை நால்வர் ஆட வேண்டும். அதற்குச் சில நாட்களுக்குப் பின் வந்த, ஈயோ என்ற சூனியக்காரியின் கதையும் நால்வருக்கு உரியது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் அதைக் கடப்பது மிகக் கடினம். 2024 மே மாதம் கணினிக்கும் இவ்வாட்டம் வந்து சேர்ந்தது.

நால்வருக்கும் நான்கு தொழில். சாமுராய் முன்னின்று பொருதுபவன். வேட்டைக்காரன் தொலைவிலிருந்து அம்பெய்பவன். மறைந்திருந்து கொல்பவன் ஒருவன். தலைவனை இழந்த வீரனாகிய ரோனின் மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவன். பழைய செட்டிநாட்டுக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருந்ததும், ஒருவர் பொறுப்பை மற்றவர் செய்தால் கடை நடக்காது என்றிருந்ததும் எங்களுக்கு நினைவு வந்தது. எவரேனும் விழுந்தால் தோழர் ஒருவர் அருகே சென்று எழுப்ப வேண்டும். எல்லோரும் விழுந்தால் கதை முடிந்தது. தனியாகத் திறமை காட்டுகிறவன் இதில் விரைவில் சாகிறான் என்றான் நண்பரின் தம்பி.

2020ஆம் ஆண்டு உலகமே கதவடைத்துக் கிடந்த ஆண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஓர் இடத்தில் கூட முடியாத காலத்தில், இவர்கள் கூடுவதற்கு அமைந்த இடம் ஒரு ஜப்பானியக் கதைசொல்லியின் கற்பனைக் காடு.

*

இனி, உண்மையான சுஷிமா. கொரியாவுக்கும் கியூஷூவுக்கும் இடையே கடலில் கிடக்கும் தீவு அது. 1274இல் குப்லாய் கானின் மங்கோலிய, சீன, கொரியப் படைகள் கப்பல்களில் வந்து அதன் கொமோடா கரையில் இறங்கின. தீவின் காவலரான சோ சுகெகுனி எண்பது குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மாண்டார் என்று கூறப்படுகிறது. அடுத்து ஈக்கி தீவு விழுந்தது. பின்னர் ஹகாத்தா விரிகுடாவில் போர் நடந்தது. வந்த படை திரும்பியது. 1281இல் அதைவிடப் பெரிய கப்பற்படை வந்தது. அம்முறை பெரும் புயலொன்று கப்பல்களை நொறுக்கியது.

அப்புயலுக்கு இடப்பட்ட பெயர் காமிகாஸே, தெய்வக் காற்று. அப்பெயர் நிலைத்ததில் பக்தியோடு பொருளாதாரமும் கலந்திருந்தது. வழக்கமான போரில் வென்றவர்களுக்குத் தோற்றவரின் நிலம் பரிசாகக் கிடைக்கும். வெளியிலிருந்து வந்த பகைவனைத் துரத்தியதில் ஒரு சாண் நிலமும் கிடைக்கவில்லை. போரிட்டவர்கள் பரிசு கேட்டார்கள். தங்கள் வழிபாட்டினால்தான் காற்று எழுந்தது என்று கோயில்களும் மடங்களும் பரிசு கேட்டன. தாகெசாகி சுயெனாகா என்ற சிறு வீரர் தாம் செய்த போர்த்தொழிலுக்கு அங்கீகாரம் கேட்டுக் கியூஷூவிலிருந்து காமகுரா வரை சென்று முறையிட்டார். பின்னர் தம் செயல்களை ஓவியச் சுருளாகத் தீட்டச் செய்தார். மங்கோலியப் படையெடுப்பு எப்படி இருந்தது என்று இன்று நாம் கண்ணால் காண முடிவது பெரும்பாலும் அந்தச் சுருளினால்தான். பரிசுக் கணக்கைத் தீர்க்க முடியாமல் தடுமாறிய காமகுரா அரசு 1333இல் வீழ்ந்தது. அதற்கான காரணங்களில் இந்த மனக்குறையும் ஒன்று என்பர்.

காற்று கடவுளின் கொடை என்ற கதையோ அரசோடு சேர்ந்து வீழவில்லை. அறுநூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, 1944 அக்டோபரில், விமானத்தோடு எதிரியின் கப்பலில் மோதிச் சாகும்படி அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. தொன்மம் தானாக யாரையும் கொல்வதில்லை. அதை எடுத்து ஆள்பவர்கள் இருந்தால் அது கொல்லவும் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆட்டத்தில் சாமுராயின் உச்ச ஆற்றலுக்கு ஹச்சிமானின் சீற்றம் என்று பெயர். ஹச்சிமான் போர்வீரர்களின் தெய்வம். ஓஜின் என்ற பழம்பேரரசரே தெய்வமானார் என்பது நம்பிக்கை. மங்கோலியரை விரட்டிய காற்றை அனுப்பியவராகவும் அவரைக் கருதினர். திரையில் அச்சீற்றம் ஒரு பொத்தானில் அடங்கிவிடுகிறது.

ரோனினின் உச்ச ஆற்றல் இன்னும் விசித்திரமானது. இசானமியின் மூச்சு என்று அதற்குப் பெயர். அதை ஏவினால் விழுந்துகிடக்கும் தோழர்கள் அனைவரும் எழுந்து நிற்பார்கள். 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகியின்படி, இசானமி தன் கணவன் இசானகியோடு சேர்ந்து ஜப்பானியத் தீவுகளைப் பெற்றெடுத்த தாய். நெருப்புத் தெய்வத்தைப் பெறும்போது தீக்காயப்பட்டு இறந்து, யோமி என்ற கீழுலகு சென்றாள். மீட்க வந்த கணவனிடம், தான் அவ்வுலகின் உணவை உண்டுவிட்டதைச் சொல்லி, தன்னைப் பார்க்காதிருக்கும்படி வேண்டினாள். அவன் பார்த்தான், அழுகும் உடலைக் கண்டு ஓடினான். பெரும்பாறை ஒன்றால் வழியை அடைத்தான். அவள் பாறைக்கு அப்பால் நின்று, உன் நாட்டில் நாள்தோறும் ஆயிரம் பேரைக் கொல்வேன் என்றாள். அவன், நாள்தோறும் ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பிறப்பிப்பேன் என்றான். மீளவே முடியாத சாவின் தெய்வம் அவள். விழுந்தவரை எழுப்பும் ஆற்றலுக்கு அவள் பெயரை வைத்தவர் அறியாமையால் வைத்தாரா, அல்லது அவளுக்கு மறுக்கப்பட்டதைத் தோழர்களுக்கேனும் கொடுத்துப் பார்த்தாரா என்று எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை.

*

இந்தத் தெய்வங்களும் பேய்களும் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று எண்ணிவிட வேண்டாம். பௌத்தத்தோடு சீன வழியாகச் சென்ற நம் தெய்வங்கள் பலர் அங்கே வேறு பெயரில் வாழ்கிறார்கள். சரஸ்வதி அங்கே பென்சாய்தென். நீரோடு சேர்த்து வணங்கப்படுபவள். வீணையின் இடத்தில் பீவா என்ற இசைக்கருவி. குபேரனாகிய வைசிரவணன் பிஷாமோன்தென் என்ற போர்க்கோலத் தெய்வம். பிள்ளையார் காங்கிதென் ஆனார். நம் எமன் அங்கே என்மா. நரகத்தில் அவனிடம் ஏவல் செய்பவர்கள் ஓனிகள். ஆகவே நண்பரின் தம்பி இரவெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது ஒரு வகையில் எமகிங்கரர்களைத்தான்.

இப்போக்குவரத்தில் ஒருவரைத் தனியே நினைவுகூர வேண்டும். போதிசேனர் என்ற இந்தியத் துறவி 736இல் ஜப்பான் சேர்ந்தார். அவர் தென்னாட்டவர் என்று சொல்வோர் உண்டு. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரும் புத்தர் சிலை வடித்து முடிக்கப்பட்டபோது, 752இல் அதற்குக் கண் திறந்தவர் அவரே. நம்மூர்ச் சிற்பிகளின் கண் திறப்புச் சடங்கை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. புதிது என்னவெனில், அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு நின்றனர். கண் வரைந்த கை ஒன்று. வரைந்த புண்ணியம் எல்லோருக்கும். அத்தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இணைந்து ஆடுவது என்பதற்கு இதைவிட அழகிய பழம்படிமம் ஒன்றை நாங்கள் கண்டதில்லை.

ஆட்டப் பலகையிலும் இந்த உறவு உண்டு. வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி இரவுகளில் கண்விழிப்பதற்காக நம் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். பாம்பு இறக்கும், ஏணி ஏற்றும், உச்சியில் வைகுண்டம். ஜப்பானில் ஜோதோ சுகொரொகு என்றொரு பழைய ஆட்டம் இருந்தது. தாயத்தை உருட்டிப் படக்கட்டங்களில் நகர்ந்து புத்தரின் தூய உலகை அடைய வேண்டும். அது தொடங்கும் கட்டம் தெற்குக் கண்டம், அதாவது நாம் நாவலந்தீவு என்று சொல்லும் ஜம்புத்வீபம். அதில் ஒரு கொடிய கட்டமும் உண்டு. அங்கே விழுந்தவன் மீள முடியாது. மற்றவர்கள் ஆடி முடிக்கும் வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பரமபதத்தில் பாம்பு கடித்தவன் மீண்டும் ஏறலாம் என்றாலும், ஏறவேண்டியவன் அவனே. இரண்டிலும் அடுத்தவனைக் கைதூக்கி விட வழியில்லை. முத்தி தனித்தனி என்பது அப்பலகைகளின் கொள்கை. திரையில் ஆடும் இப்புதிய ஆட்டமோ சேர்ந்து பிழை அல்லது சேர்ந்து சாகு என்கிறது.

*

அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம்.

செட்டிநாட்டில் ஜப்பான் என்ற சொல்லுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு வீட்டுச் சுவரில் இருக்கிறது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்து சேர்ந்த அதே கப்பல் வழிகளில், ஜப்பானிய வண்ண ஓடுகளும் இங்கே வந்தன. பூவும் கொடியும் புடைத்தெழும் பளபளப்பான ஓடுகள். இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் ஜப்பானில் செய்து கடல் கடந்து விற்கப்பட்டவை. இந்தியச் சந்தைக்கென்றே நம் தெய்வ உருவங்களைப் பொறித்தும் செய்தார்கள். சரஸ்வதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்று பென்சாய்தென் ஆனாள். பின் ஓட்டில் பதிந்து திரும்பி வந்தாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நண்பரின் வீட்டு முகப்பிலும் அத்தகைய ஓடுகள் இடுப்புயரத்துக்குப் பதித்திருந்தன. ஒன்று பெயர்ந்து கிடந்தது. புரட்டிப் பார்த்தோம், பின்புறம் ஜப்பானில் செய்யப்பட்டது என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன.

இரண்டாம் அடுக்கு சுவரில் இல்லை. 1930 வாக்கில் பர்மாவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனை அடைக்க முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930இல் சுமார் ஆறு விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த அந்த உழவரின் கதையில், வெளியிலிருந்து வந்தவன் யார் என்று கேட்டால் விடை நமக்கு உவப்பாக இராது. இதையும் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையன்று.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் விழுந்தன. பர்மாவிலிருந்த இந்தியர் லட்சக்கணக்கில் நடந்தே புறப்பட்டார்கள். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் நோக்கி ஒரு வழி. தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு ஒரு வழி. வெள்ளையருக்கு நல்ல பாதையும் இந்தியருக்குக் கொடிய பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். தப்பி வந்தவர்களின் சொத்து அங்கேயே தங்கிவிட்டது. போருக்குப் பின், 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில தேசியமயச் சட்டம் எஞ்சிய நம்பிக்கையையும் முடித்துவைத்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் பல பெருவீடுகளின் வெறுமை அந்த ஆண்டுகளில் தொடங்கியதே.

மலாயாவில் கதை இன்னும் கொடியது. தோட்டத் தொழிலாளரான தமிழர்கள் ஆயிரமாயிரமாக சயாம்–பர்மா ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குப் பலியான ஆசியத் தொழிலாளரின் தொகையைத் துல்லியமாகக் கணக்கிட எவரும் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்றே ஒரு நாவல் எழுதினார். மறுபுறம், அதே ஜப்பானியரின் துணையோடுதான் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்தது. தோட்டத்துத் தமிழர்கள் திரளாக அதில் சேர்ந்தார்கள். ஜப்பான்காரன் நல்லவனா கெட்டவனா என்பது அத்தலைமுறைக்கு வீட்டுக்கு வீடு விடை மாறிய கேள்வி.

இந்தச் சிக்கலை முழுதாக உள்வாங்கிய தமிழ் எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவரும் இதே மாவட்டத்துக்காரர். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், இளம் வயதில் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றார். ஜப்பானிய ஆக்கிரமிப்பை அங்கிருந்தே கண்டார். "கடலுக்கு அப்பால்", "புயலிலே ஒரு தோணி" என்ற இரண்டே நாவல்கள். இரண்டாவது 1972இல் வெளியானது. மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதும், பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் போரின் நடுவே செட்டித்தெருக் கதைகளைப் பேசித் தீர்ப்பதும், நாயகன் பாண்டியன் ராணுவத்தில் சேர்வதும் அதில் வரும். அங்கே நல்லவன் கெட்டவன் என்ற பங்கீடு இல்லை. வீரமும் அபத்தமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. காற்று யாருடைய தெய்வமும் அன்று. தோணியில் இருப்பவன் பற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

*

அப்பத்தாவின் அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்தவர் என்று மறுநாள் காலையில் நண்பர் சொன்னார். 1942இல் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர் ஆறேழு பேரோடு நடந்து புறப்பட்டார். வீட்டு வாசலில் வந்து நின்றபோது, எட்டு ஒன்பது வயதிருந்த மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. யாரோ பிச்சை கேட்டு வந்திருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொன்னாளாம். நடந்தவர்களில் இருவர் ஊர் வந்து சேரவில்லை. ஒருவர் காய்ச்சலில் பாதையோரம் படுத்துவிட்டார். எழுப்பிப் பார்த்தார்கள், அவர் எழவில்லை. அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரை வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அப்பச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். போன சொத்தைப் பற்றி அவர் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

இதைக் கேட்டபின் முந்தைய இரவின் கூவல் எங்கள் காதில் வேறுவிதமாக ஒலித்தது. விழுந்துட்டேன், வந்து எழுப்பு. யாரேனும் ஓடி வருகிறார்கள், தொடுகிறார்கள், விழுந்தவன் எழுகிறான். ஹூக்காங் பள்ளத்தாக்கில் அந்தப் பொத்தான் இல்லை.

அதற்காக அந்த ஆட்டம் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நடக்காமல் போனதை நடத்திப் பார்ப்பதற்காகவே மனிதர்கள் கதை சொன்னார்கள் என்று தோன்றுகிறது. கடலில் மூழ்கிய ஹெய்க்கே குலத்தாரின் ஆவிகளுக்கு, அவர்களுடைய போரையே பாடிக் காட்டிய பார்வையற்ற ஹோய்ச்சி என்ற பாணனின் கதை ஜப்பானில் உண்டு. லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் அதை உலகறியச் செய்தார். தங்கள் சாவைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆவிகள் விரும்பின. நம்மிடமும் கதை ஒருவரால் நின்றதில்லை. வில்லுப்பாட்டில் ஆமாம் போடுபவர் இல்லாமல் பாட்டு நகராது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, ஒரு காவியத்தை ஊர் கூடிச் சுமப்பது எப்படி என்பதைத்தான் காட்டினார். கம்பன் அடங்கியதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவுறும் அத்திருவிழா எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நடக்கிறது.

எங்கள் கவலை ஒன்றே. சுஷிமாவில் எண்பது பேர் மாண்டதற்குக் கோயில் இருக்கிறது, இப்போது உலகெங்கும் ஆடும் ஆட்டமும் இருக்கிறது. 1942இல் மலைப்பாதையில் கிடந்தவர்களுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? இரண்டு மூன்று நாவல்கள். வீடுகளில் முதியவர்கள் அரைகுறையாகச் சொல்பவை. சொல்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த நடையை அறிந்தவர் எவரேனும் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம். அழகாக எழுத வேண்டியதில்லை. ஊர், ஆண்டு, உடன் நடந்தவர்களின் பெயர், எங்கே யார் நின்றுபோனார் என்பது போதும்.

நாங்கள் புறப்பட்ட அன்று காலையில், நண்பரின் தம்பி திரையை அணைத்துவிட்டு வளவுத் தூணருகே அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. "அந்த ஆறேழு பேர்ல யார் யாரு அப்பத்தா? பேரைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்பத்தா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நான்காவது பெயரில் நிறுத்தி, யோசித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.